பாயின்ட் கணக்கு எழுதியவன் பேசுகிறேன்

(குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பிறகு, நம் வளாக ஓட்டத் தொடரின் பரிசளிப்பில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காகவும், புதிய விதிகளை எழுத்தில் கேட்டவர்களுக்காகவும் இங்கே முழுமையாக.)



பரிசு மேஜை மேல் கேடயங்கள் இருக்கின்றன. குழந்தைகள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே பொங்கலும் வடையும் ஆறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே சுருக்கமாகப் பேசச் சொல்லித்தான் என்னை மேடையேற்றினார்கள். வங்கியில் 34 வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். கவுன்ட்டரில் சுருக்கமாகப் பேசித்தான் பழக்கம். ஆனால் இன்று கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒரு கணக்கு ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

கடந்த ஜூன் மாதம் ஆரம்பித்தோம். மாதம் ஒரு ஓட்டம், இரண்டாவது ஞாயிறு, காலை ஐந்தே முக்காலுக்கு. ஜனவரி வரை எட்டு ஓட்டங்கள். 3 கிலோமீட்டரில் தொடங்கி 5, 8, கடைசியில் 10. பி.காம். படித்தவர், பேங்கில் இருந்தவர், வீட்டில் சும்மா இருக்கிறார் என்று மூன்று தகுதிகளையும் பார்த்து, பாயின்ட் நோட்டை என் கையில் கொடுத்தது சங்கம். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். ரிட்டயர் ஆன பிறகு ஒரு லெட்ஜர் கைக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று என் வீட்டம்மாவைக் கேட்டால் சொல்லுவார்.

முதலில், இந்தப் பாயின்ட் யோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

நம்மில் சிலர் வருடா வருடம் பெங்களூரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போகிறார்கள். 2008-இல் தொடங்கிய ஓட்டம் அது. இங்கிருந்து அத்திப்பள்ளி வந்தால் கர்நாடகம், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. அந்த ஓட்டத்தை நடத்தும் நிறுவனமே மும்பையில் முழு மாரத்தானும், டெல்லியில் அரை மாரத்தானும், கொல்கத்தாவில் 25 கிலோமீட்டரும் நடத்துகிறது. நான்கையும் ஓடி முடிப்பவருக்குத் தனியாக ஒரு பதக்கம் உண்டு. கூட்டிப் பாருங்கள்: 42.195, 21.0975, 25, 10. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஓட்டத்தோடு நிற்காமல், அடுத்ததற்கு, அதற்கும் அடுத்ததற்கு என்று வரவழைப்பதுதான் தொடரின் சூட்சுமம். ரெக்கரிங் டெபாசிட் மாதிரி. ஒரு மாதம் கட்டியவர் அடுத்த மாதமும் கட்ட வருவார்.

உலக அளவில் பெரிய தொடர் 2006-இல் ஆரம்பித்தது. பாஸ்டன், லண்டன், பெர்லின், சிகாகோ, நியூயார்க் என்ற ஐந்து மாரத்தான்கள் சேர்ந்தன. பிறகு டோக்கியோவும், அதற்குப் பிறகு சிட்னியும் வந்தன. முதல் ஐந்து இடங்களுக்குப் பாயின்ட் உண்டு. அந்த அட்டவணையைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று: 25, 16, 9, 4, 1. ஐந்தின் வர்க்கம், நான்கின் வர்க்கம், மூன்றின் வர்க்கம் என்று இறங்கி ஒன்றில் முடிகிறது. கணக்குப் பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்? அப்படியே நம் நோட்டில் எழுதிவிட்டேன்.

அங்கேதான் என் முதல் தவறு.

அந்த அட்டவணை, ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்காகப் போட்டது. நம் வளாகத்தில் என்ன ஆயிற்று? ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அதே நான்கு இளைஞர்கள்தான் முன்னால் வந்தார்கள். சிப்காட் கம்பெனிகளில் வேலை, தினம் உடற்பயிற்சி, மெலிந்த உடம்பு. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மற்றவர்கள் எல்லோருக்கும் என் நோட்டில் பூஜ்யம். பிளாக் சி-யில் ஒரு அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், ஆகஸ்ட் ஓட்டம் முடிந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணா, மூணு மாசமா ஓடுறேன், பாஸ்புக்ல ஒண்ணுமே ஏறலியே?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆட்கள் குறையத் தொடங்கியதும் அந்த மாதம்தான்.

அதனால் செப்டம்பரில் விதியை மாற்றினோம். ஓடி முடிக்கும் ஒவ்வொருவருக்கும் 10 பாயின்ட். இது நல்ல மாற்றம். கூடவே நான் இன்னொன்றையும் சேர்த்தேன். செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஐந்து ஓட்டங்களுக்கும் தவறாமல் வருபவருக்கு 50 பாயின்ட் போனஸ். ஒன்று தவறினாலும் போனஸ் மொத்தமும் போய்விடும். கமிட்டியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். யோசனை என்னுடையது. அதை இந்த மேடையில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

கூட்டம் திரும்பி வந்தது. அக்டோபரில் தண்ணீர்ப் பாட்டில் போதாமல் ஓடிப்போய் இரண்டு கேன் வாங்கி வந்தோம். என் யோசனை வேலை செய்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

நவம்பர் ஓட்டத்துக்கு முந்தின இரவு எட்டரை மணிக்கு எனக்கு ஒரு போன். நம் வளாகத்து நண்பர். வயது 61. தொழிற்சாலையில் டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஓட்டத்துக்கும் எனக்கு முன்னால் வந்து, கோடு போட சுண்ணாம்புப் பொடி எடுத்துக் கொடுப்பவர். "சார், ரெண்டு நாளா காய்ச்சல். இப்ப மாத்திரை போட்டிருக்கேன். நாளைக்கு வரலேன்னா அந்த போனஸ் போயிடுமா?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "படுத்துத் தூங்குங்க சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "ரூல்னா ரூல்தானே சார், ஒருத்தருக்கு மட்டும் மாத்த முடியாதே." 34 வருடம் கவுன்ட்டரில் சொல்லிச் சொல்லி வாயில் பழகிப்போன வாக்கியம். யோசிக்காமலே வந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் வந்தார். நல்ல பனி. மத்திகிரி பனி உங்களுக்குத் தெரியும். எதிர் பிளாக் தெரியாது. அவர் முகத்தையும் நான் சரியாகப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 5 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றாவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில், பின் கேட் காம்பவுண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

அவரை முதலில் பார்த்தது நம் செக்யூரிட்டி தம்பி. ஒடிசாவில் இருந்து வந்திருக்கும் பையன், இருபத்திரண்டு வயது. இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அந்தப் பனியிலும் சட்டை முழுக்க வேர்வை. தம்பிக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் நேரம் கடத்தவில்லை. தன் நாற்காலியைக் கொண்டுவந்து சாய்த்து உட்கார வைத்தான், விசில் ஊதினான், முன் கேட்டுக்குப் போன் போட்டுக் காரை வரவழைத்தான். இருபது நிமிடத்துக்குள் மருத்துவமனையில் இருந்தார். ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். கடவுள் கிருபையால் இன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதைப் பேசலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். "பேரு மட்டும் வேண்டாம் சார், மத்ததெல்லாம் சொல்லுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார்.

நான் மறைக்க விரும்பாத இன்னொன்று. அவரைக் கொண்டுபோன செய்தி ஓட்டம் முடியும் கோட்டுக்கு வருவதற்குள், அவர் வராததைப் பார்த்து, அவர் பெயருக்கு நேரே நான் பூஜ்யம் போட்டுவிட்டேன். நீல மையில். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன்.

மாலையில் மருத்துவமனைக்குப் போனபோது அவர் மனைவி வெளியே நாற்காலியில் இருந்தார். என்னைத் திட்டவில்லை. "அம்பது பாயின்ட்டுக்கா சார்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காய்ச்சலால்தான் அடைப்பு வந்தது என்று நான் சொல்லவில்லை. அடைப்பு பல நாளாக உள்ளே இருந்திருக்கும். ஆனால் காய்ச்சல் இருக்கும்போது இதயத்துக்கு ஏற்கெனவே கூடுதல் வேலை. அந்த உடம்பை ஓட விடக் கூடாது என்பதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. அவரை ஓட வைத்தது காய்ச்சல் மாத்திரையும் என் போனஸும்தான்.

பிறகு பல நாள் இதைப் பற்றியே படித்தேன். பாயின்ட் என்பது மனிதரை எப்படி இழுக்கும் என்பதற்கு ஒரு கதை கிடைத்தது. நான் சொன்ன உலகத் தொடரில் 2007-இல் நடந்தது. எத்தியோப்பிய வீராங்கனை கெடெ வாமி. செப்டம்பர் 30-ஆம் தேதி பெர்லின் மாரத்தானில் முதலாவதாக வந்தார். மாரத்தான் ஓடியவர் உடம்பு தேற பல வாரம் ஓய்வு எடுப்பார். ஆனால் தொடர் பட்டம் அவருக்கும் லாட்வியாவின் யெலெனா ப்ரொகோப்சுகாவுக்கும் இடையில் தொங்கிக்கொண்டிருந்தது. பரிசு ஐந்து லட்சம் டாலர். அதனால் நவம்பர் 4-ஆம் தேதி நியூயார்க்கில் மறுபடி ஓடினார். 35 நாளில் இரண்டு மாரத்தான். பவுலா ராட்கிளிஃபுக்கு அடுத்து இரண்டாவதாக வந்து பட்டத்தை வாங்கினார்.

பெரிய சாதனைதான். ஆனால் அவருக்குப் பயிற்சியாளர் உண்டு, மருத்துவர் உண்டு, வாழ்க்கையே அந்த ஓட்டம். நம்மிடம் இருப்பது ஒரு நோட்டும், ஒரு விசிலும், இரண்டு தண்ணீர் கேனும். அங்கே இழுத்த அதே கயிறுதான் இங்கேயும் இழுக்கிறது. அங்கே ஐந்து லட்சம் டாலர், இங்கே ஐம்பது பாயின்ட். இழுப்பு ஒன்றே.

அப்படியானால் பாயின்ட்டே வேண்டாமா? இதை நம்மில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆரோவில்லில் 2008 முதல் மாரத்தான் நடக்கிறது. முதலிடம், இரண்டாமிடம், பரிசுப் பணம் எதுவும் கிடையாது. செம்மண் பாதையில், மரங்களுக்கு நடுவே, ஓடும் மகிழ்ச்சிக்காக மட்டும் ஓடுகிறார்கள். ஓடாதவர்களுக்கு அரசின் திட்டம் ஒன்றும் இருக்கிறது. 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்'. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை. அதிலும் பாயின்ட் கிடையாது.

ஆனாலும் நான் பாயின்ட்டுக்காகவே வாதாடுகிறேன். காரணம், என் நோட்டில் இருக்கும் பெயர்கள். நோட்டில் பெயர் இருக்கிறது என்பதற்காகவே அலாரம் வைத்து எழுந்தவர்கள் எத்தனை பேர்! பத்து வருடம் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியும் பேசாதவர்கள், "உங்களுக்கு எத்தனை பாயின்ட்?" என்று கேட்டுப் பழகியிருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் புழங்கும் நம் வளாகத்தில் எண்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஆகவே பாயின்ட் இருக்கட்டும். விதியை மட்டும் மனிதருக்கு ஏற்றபடி போடுவோம்.

டிசம்பரில் கமிட்டி கூடி விதிகளை மாற்றியது. ஜூன் மாதத்தில் இருந்து எல்லா ஓட்டங்களையும் புதிய விதிப்படி மறுபடி போஸ்டிங் போட்டேன். இன்று கொடுக்கப்போகும் பரிசுகள் அந்தக் கணக்குப்படிதான். அடுத்த ஆண்டும் இதுவே தொடர வேண்டும் என்பது கமிட்டியின் கோரிக்கை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். காரணத்தையும் சொல்கிறேன். காரணம் தெரியாத விதியை யாரும் மதிப்பதில்லை.

ஒன்று. எட்டில் சிறந்த ஐந்து மட்டுமே கணக்கில் வரும். மூன்று ஓட்டம் வராவிட்டாலும் ஒரு பாயின்ட்கூடக் குறையாது. காய்ச்சலா, ஊரில் கல்யாணமா, நைட் ஷிஃப்டா, நிம்மதியாக இருங்கள். உலகத் தொடரிலேயே ஓடிய அத்தனையும் கூட்டுவதில்லை, குறிப்பிட்ட சில சிறந்த முடிவுகளை மட்டுமே எடுக்கிறார்கள். முழு வருகை போனஸ் இனி எக்காலத்திலும் கிடையாது. செப்டம்பரில் இருந்து தவறாமல் வந்த ஆறு பேருக்கு இதில் வருத்தம் உண்டு. அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. அவர்களிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது எல்லோரும் அவர்களுக்காக ஒருமுறை கை தட்டுங்கள்.

இரண்டு. உதவிக்கு வருவதும் ஓடியதற்குச் சமம். நியூயார்க்கில் ஒரு ஓட்டச் சங்கம் இருக்கிறது. அங்கே உறுப்பினர் ஒருவர் வருடத்தில் ஒன்பது ஓட்டம் ஓடி, ஒரு ஓட்டத்தில் தொண்டு செய்தால், அடுத்த ஆண்டு நியூயார்க் மாரத்தானில் இடம் உறுதி. நாமும் அதைப் பின்பற்றுகிறோம். நேரம் குறிப்பது, தண்ணீர் கொடுப்பது, திருப்பத்தில் நின்று வழி காட்டுவது எதற்கும் 10 பாயின்ட், வருடத்தில் இரண்டு முறை வரை. உடம்பு முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து நேரம் குறிக்கலாம். என் நண்பர் அடுத்த சீசனில் அப்படித்தான் வரப்போகிறார்.

மூன்று. வயதுப் பிரிவு. மூத்தோர் தடகளத்தில் உலகம் முழுக்க 35 வயதில் இருந்து ஐந்து ஐந்து வருடமாகப் பிரிக்கிறார்கள். நாமும் அப்படியே. ஓடி முடித்தால் எல்லோருக்கும் 10. பிரிவில் முதலிடத்துக்குக் கூடுதலாக 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. ஒரு பிரிவில் மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுவோம். தனியாக ஓடி முதல் பரிசு வாங்கியவர் என்ற பேச்சு வரக்கூடாது.

வயது சதவீதம் என்று இன்னொரு முறையும் இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் இனி அதையும் போடுவோம். ஒவ்வொரு வயதுக்கும், ஒவ்வொரு தூரத்துக்கும் உலகத் தரத்தில் ஓர் அளவு நேரம் வைத்திருக்கிறார்கள். அதை உங்கள் நேரத்தால் வகுத்தால் சதவீதம். கணக்குக்காக, 5 கிலோமீட்டருக்கு 30 வயதுக்காரரின் அளவு 13 நிமிடம், 65 வயதுக்காரரின் அளவு 17 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பேரன் 26 நிமிடத்தில் ஓடினால் 50 சதவீதம். தாத்தா 34 நிமிடத்தில் ஓடினால் அவருக்கும் 50 சதவீதம். தாத்தா 32 நிமிடத்தில் வந்தால் 53 சதவீதம், பேரனை ஜெயித்துவிட்டார். எட்டு வருடம் கழித்து வாங்கிய சம்பளத்தையும் இன்றைய சம்பளத்தையும் ஒப்பிட விலைவாசிப் புள்ளி பார்ப்பதில்லையா, அது மாதிரிதான்.

வயது என்றதும் ஃபௌஜா சிங்கை நினைக்காமல் இருக்க முடியாது. 1911-இல் பஞ்சாபில் பிறந்தவர். 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தான். 2011-இல் நூறு வயதில் டொரான்டோ மாரத்தானை எட்டு மணி நேரம் பதினொரு நிமிடத்தில் முடித்தார். ஆனால் கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1911-இல் பஞ்சாப் கிராமத்தில் யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? கே.ஒய்.சி. இல்லாததால் கணக்கு திறக்க முடியாதவர்களை நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் எனக்கு அது வலித்தது. கடந்த 2025 ஜூலையில், தம் சொந்த ஊரில் கார் மோதி 114 வயதில் காலமானார். ஓடியதால் அல்ல, சாலையைக் கடக்கும்போது. நம் பாதை விஷயத்தில் இதை மறக்கக் கூடாது.

நான்கு. தன் பழைய நேரத்தைத் தானே முறியடித்தால் 3 பாயின்ட். பக்கத்து வீட்டுக்காரரை ஜெயிக்க வேண்டாம், போன மாதத்து உங்களை ஜெயித்தால் போதும். "பாஸ்புக்ல ஒண்ணுமே ஏறலியே" என்று கேட்ட பிளாக் சி அம்மாதான் இந்தத் தொடரின் பெண்கள் பிரிவு மொத்தப் புள்ளியில் முதலிடம். ஜூனில் பாதி தூரம் நடந்தவர் அவர். கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பேத்திக்கு இப்போது விஷயம் தெரிந்துவிட்டது!

ஐந்து. முடிக்கும் எல்லோருக்கும் பதக்கம், நேரத்தைப் பொறுத்து நிறம். தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் என்று ஒரு ஓட்டம், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். 1921 மே 24-இல் முதல் ஓட்டம். 34 பேர் கிளம்பி 16 பேர் முடித்தார்கள். முதல் வெற்றியாளர் பில் ரோவன் ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவாக வந்தார். இன்றும் ஒன்பது மணி நேரத்துக்குள் வருபவருக்கு அவர் பெயரில் பதக்கம். கடைசி ஒரு மணி நேரத்தில் திணறி வருபவருக்கு, ஓட்டத்தைத் தொடங்கியவரான விக் கிளாபம் பெயரில் பதக்கம். பத்து முறை முடித்தவருக்குப் பச்சை எண், அது வாழ்நாள் முழுக்க அவருக்கே. வேகமானவருக்கும் மரியாதை, விடாமல் வருபவருக்கும் மரியாதை. நாமும் ஐந்து சீசன் முடித்தவருக்கு நிரந்தர எண் கொடுப்போம்.

ஆறு. இது கொஞ்சம் சங்கடமான விதி. இந்த வளாகத்தில் குடியிருப்பவர்களும், இங்கே வேலை செய்பவர்களும் ஓடலாம். ஜூன் மாதம் முதல் ஓட்டத்தன்று நம் செக்யூரிட்டி தம்பி, நைட் டூட்டி முடிந்து, யூனிஃபார்ம் ஷூவோடு வந்து, "சாப், மைன் பீ?" என்று கேட்டான். குடியிருப்போருக்கு மட்டும் என்று நோட்டீஸில் போட்டிருந்ததைக் காட்டி நான் திருப்பி அனுப்பினேன். அன்றும் ரூல்னா ரூல்தான். நவம்பரில் பின் கேட்டில் நின்றவன் அதே தம்பிதான். அவன் அன்று டூட்டியில் இருந்ததால் என் நண்பர் பிழைத்தார். இதை வைத்து யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். அவனைத் திருப்பி அனுப்பியது தவறு, அவ்வளவுதான். துப்புரவு வேலை செய்யும் அக்காக்கள், தோட்டக்காரர், டிரைவர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள் எல்லோருக்கும் அடுத்த ஆண்டு நம்பர் அட்டை உண்டு. டூட்டி நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொடுக்கச் செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஜனவரி 10 கிலோமீட்டரில் அந்தத் தம்பி ஓடினான். நம் நான்கு இளைஞர்களும் அவன் முதுகைத்தான் பார்த்தார்கள்.

ஏழு. பாதையும் பாதுகாப்பும். காலை ஆறு மணிக்கு மத்திகிரி கூட்ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஷிஃப்ட் மாறும் நேரம், கம்பெனி பஸ், லாரி, பூ ஏற்றிய வேன். நம் ஓட்டம் மெயின் ரோட்டைத் தொடவே தொடாது. உள் தெருக்களில் சுற்றுக் கணக்கில்தான். "கால்நடைப் பண்ணைப் பக்கம் மரமும் காற்றுமாக இருக்குமே" என்று கேட்கிறீர்கள். எனக்கும் ஆசைதான். 1824-இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணை. இருநூறு வருடத்துக்கு முன்பே நம் ஊர் ஓட்டத்துக்குப் பேர் போனது என்று சொல்லிக்கொள்ளலாம், ஓடியது குதிரைகள் என்றாலும்! ஆனால் அது அரசுப் பண்ணை, கறவை மாடும் கோழியும் உள்ள இடம். அனுமதியில்லாமல் நுழைய முடியாது. தளி, தேன்கனிக்கோட்டை ரோட்டில் தனியாக அதிகாலைப் பயிற்சிக்குப் போகிறவர்களும் கவனம். பனிக் காலத்தில் யானைகள் வரும் பக்கம் அது. யானைக்குப் பாயின்ட் கிடையாது, ஆனால் நம்மைவிட வேகமாக ஓடும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் சீசன் தொடங்குமுன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டாயம். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது தோள், தாடைப் பக்கம் வலி, தலைசுற்றல், காரணமில்லாத குளிர்ந்த வேர்வை, இதில் எது வந்தாலும் நின்றுவிடுங்கள், உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். 108-க்கு உடனே அழையுங்கள். "கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு கடைசி ஒரு சுற்று போட வேண்டாம். அப்படிப் பாதியில் நிற்பவருக்கும் 10 பாயின்ட் உண்டு. ஆம், விதியிலேயே எழுதியிருக்கிறோம்: உடம்புக்காக நின்றவர், முடித்தவருக்குச் சமம்.

"இதை வைத்து யாராவது ஏமாற்ற மாட்டார்களா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். ஏமாற்றட்டும். பத்து பாயின்ட்டுதானே. பணம் எடுத்துக்கொண்டு போகவில்லையே.

விதியைத் தளர்த்துவதால் விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் புதுக்கோட்டை லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். கோட்டுக்கு உள்ளே காலை வைத்துவிட்டார் என்று தகுதி நீக்கம் செய்தார்கள். பதக்கம் போயிற்று. முந்தின ஆண்டு புவனேஸ்வரில் ஆசியப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். நமக்கு மனம் பொறுக்கவில்லை. ஆனாலும் அந்த உயரத்தில் கோடு என்றால் கோடுதான், எல்லோருக்கும் ஒன்றுதான். நம் வளாகத்திலும் குறுக்கு வழியில் வந்தால் அந்த ஓட்டத்தின் பாயின்ட் கிடையாது. பார்க்கிங் வழியாக வந்த இரண்டு பையன்கள் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். யாரை எதிலிருந்து காப்பாற்ற ஒரு விதியைப் போட்டோம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. குறுக்கு வழி விதி, நேர்மையாக ஓடுபவரைக் காப்பாற்றுகிறது. என் போனஸ் விதி யாரைக் காப்பாற்றியது? யாரையும் இல்லை. என் கூட்டக் கணக்கை மட்டும்தான்.

வங்கியில் மாலையில் கணக்கு டேலி ஆகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு ரூபாய் வித்தியாசம் என்றாலும் உட்கார்ந்து தேடுவோம். நவம்பர் மாதத்துக்குப் பிறகு எனக்கு அந்த உணர்வுதான். இன்று உங்கள் முன்னால் சொன்னதில் கொஞ்சம் டேலி ஆயிற்று. மீதியை அடுத்த சீசனில் நடத்திக் காட்டி நேர் செய்கிறேன். நோட்டை வேறு யாராவது வாங்கிக்கொள்வதானாலும் சம்மதம். "நீங்களே எழுதுங்க சார், ஆனா போனை மட்டும் என் பொண்டாட்டி எடுப்பா" என்று என் நண்பர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த தொடர் ஜூன் இரண்டாவது ஞாயிறு. 3 கிலோமீட்டர், ஓடலாம், நடக்கலாம், ஒரு மணி நேரம் அவகாசம். முடிந்ததும் வாழைப்பழம், கடலை மிட்டாய். உங்கள் பெயரைக் கொடுங்கள். முந்தின இரவு உடம்பு சரியில்லை என்றால் யாரையும் கேட்க வேண்டாம், படுத்துத் தூங்குங்கள்.

இனி பரிசுகள். முதல் கேடயத்தைக் கொடுக்க, முதல் வரிசையில் இருக்கும் என் நண்பரை மேடைக்கு அழைக்கிறேன். மெதுவாக வாங்க சார், அவசரமே இல்லை.